‘இயன்றவரை’ என்ற சொல்லை வைத்து டெண்டர் விட முடியாது

வாசகர் கடிதம்:

கட்டட ஆலோசனை நிறுவனம் ஒன்றில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். ஓர் அரசுத் துறையின் அலுவலகக் கட்டடத்துக்கு ஸ்பெசிபிகேஷன் (எந்தப் பொருள், எந்தத் தரம், எப்படிச் செய்வது என்று ஒப்பந்ததாரருக்குச் சொல்லும் ஆவணம்) எழுதும் பொறுப்பு முதன்முறையாக என்னிடம் வந்திருக்கிறது. மறுசுழற்சிப் பொருட்களையும் நிலக்கரிச் சாம்பலையும் இயன்றவரை பயன்படுத்த வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. கான்கிரீட் தரநிலையைப் பார்த்தால் அதில் வேறு வரம்பு இருக்கிறது. துறைப் பொறியாளர், “புதுசா எதையாவது போட்டு எங்களை மாட்டிவிடாதீங்க” என்கிறார். அதே துறையின் தணிக்கைப் பிரிவோ, வழிகாட்டுதலை ஏன் பின்பற்றவில்லை என்று நாளைக்குக் கேட்கும். என் சீனியர், “ஒப்பந்ததாரர் எல்லா அரசு வழிகாட்டுதல்களையும் பின்பற்ற வேண்டும் என்று பொது நிபந்தனையில் ஒரு வரி சேர்த்துவிடு, போதும்” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக எதை எழுதுவது என்றும் தெரியவில்லை. நல்ல கம்பெனியின் பொருளைப் பெயர் போட்டே எழுதிவிடலாமா? டெண்டருக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனசு ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது. சீனியர் சொன்ன அந்த ஒரு வரியை நான் நிறைய டெண்டர்களில் பார்த்திருக்கிறேன். எழுத இரண்டு நிமிடம்தான் ஆகும். ஆனால் நீங்கள் எடுக்க வேண்டிய அத்தனை முடிவுகளையும் அது ஒப்பந்ததாரர் கையில் கொடுத்துவிடுகிறது. நாளைக்குத் தகராறு வந்தால், ‘எந்த வழிகாட்டுதல், அதில் எந்தப் பத்தி, எந்த அளவுக்கு?’ என்று அவர் கேட்பார். உங்களிடம் பதில் இருக்காது. வாசகம் தெளிவில்லாமல் இருந்தால், அதை எழுதியவருக்கு எதிராகப் பொருள் கொள்வது ஒப்பந்தச் சட்டத்தில் நெடுநாளாக உள்ள நடைமுறை. எழுதியது நீங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வழிகாட்டுதல் பெரும்பாலும் துறையைப் பார்த்துப் பேசுகிறது. ஸ்பெசிபிகேஷன் ஒப்பந்ததாரரைப் பார்த்துப் பேசுகிறது. துறையிடம் ‘இயன்றவரை செய்’ என்று சொல்லலாம், ஏனென்றால் எது இயலும் என்று முடிவெடுக்கும் அதிகாரம் துறைக்கு உண்டு. ரேட் போட்டுக் கையெழுத்திட்ட ஒருவரிடம் அதே சொல்லைச் சொன்னால், எது அவருக்கு மலிவோ அதுதான் இயலும். அதில் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அமெரிக்காவின் சட்டம் ஒன்று இதைத் தெளிவாகக் காட்டும். 1976ல் வந்த வளப் பாதுகாப்பு மற்றும் மீட்புச் சட்டத்தின் 6002ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் வாங்கும் பொருட்களில் கழிவிலிருந்து மீட்டெடுத்த பொருளின் பங்கு முடிந்த அளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது. நியாயமான காலத்தில் கிடைக்காவிட்டால், தேவையான தரத்தை எட்டாவிட்டால், விலை நியாயமற்றதாக இருந்தால் விலக்கு உண்டு. பலரும் இதுவரை படித்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அதே பிரிவு ஸ்பெசிபிகேஷன் எழுதும் அரசு அமைப்புகளுக்குத் தனியாக ஒரு கடமையை வைக்கிறது: மீட்டெடுத்த பொருளை ஒதுக்கும் வாசகங்களையும், புதுப் பொருளால்தான் செய்திருக்க வேண்டும் என்ற வாசகங்களையும் ஸ்பெசிபிகேஷனிலிருந்து நீக்க வேண்டும். அப்புறம், வாங்குவதன் பயன்பாட்டுக்குக் கெடுதல் வராத வகையில் மீட்டெடுத்த பொருளைக் கோரும்படி அதைத் திருத்த வேண்டும். அதாவது, கொள்கையைத் தூக்கிப் பக்கத்தில் ஒட்டச் சொல்லவில்லை. நம் மேசையில் உட்கார்ந்து வரி வரியாக வேலை செய்யச் சொல்கிறது.

அந்த விலக்குகளையும் கவனியுங்கள். விலை நியாயமா என்று யார் தீர்மானிப்பது? வழிகாட்டுதலை அப்படியே ஒட்டினால், விலக்கு கேட்பவரும் அதைத் தீர்மானிப்பவரும் ஒரே ஆளாகிவிடுவார். ஆகவே உங்கள் ஸ்பெசிபிகேஷனில் விலக்குக்கென்று ஒரு வழி இருக்க வேண்டும், அதன் சாவி துறைப் பொறியாளரிடம் இருக்க வேண்டும். எப்படி எழுதுவது என்று கீழே காட்டுகிறேன்.

உங்கள் கடிதத்தில் உள்ள உண்மையான சிக்கல், வழிகாட்டுதலுக்கும் தரநிலைக்கும் இடையே உள்ள இடைவெளி. ஓர் எடுத்துக்காட்டை எடுத்து முழுசாகப் பிரித்துப் பார்ப்போம். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுக் கட்டட இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், நகராட்சி மற்றும் அரசு ஒப்பந்தங்களில் இடிபாட்டிலிருந்து செய்த பொருட்களை ஒரு குறிப்பிட்ட விழுக்காடு, ‘உதாரணமாக 10 முதல் 20’, வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்றன. கடுமையான தரக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு என்றும் சேர்த்துச் சொன்னன. (அவற்றுக்குப் பதிலாக 2025ல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டுவிட்டன. இந்த வகை வாசகம் எப்படி இருக்கும் என்று காட்டவே பழையதை எடுத்தேன்.) கொள்கை என்ற முறையில் அது நல்ல வாசகம். ஆனால் அதை வைத்து ஒரு லோடு ஜல்லியை ஏற்கவோ திருப்பி அனுப்பவோ முடியுமா என்று பாருங்கள். எதில் 10 விழுக்காடு? எடையிலா, கன அளவிலா, தொகையிலா? ஒவ்வொரு பொருளிலுமா, மொத்த வேலையிலா? 10ஆ, 20ஆ?

இப்போது தரநிலையைத் திறப்போம். ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383:2016, பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியை அனுமதிக்கிறது. ஆனால் இடம் பார்த்து அனுமதிக்கிறது. கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை போடலாம். கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரை, அதுவும் எம்25 தரம் வரை மட்டும் (‘எம்’முக்குப் பின் வரும் எண் கான்கிரீட்டின் வலிமையைக் குறிக்கும்). எம்15க்குக் குறைந்த லீன் கான்கிரீட்டில், அதாவது சிமென்ட் குறைவாகப் போட்ட கான்கிரீட்டில், முழுசும் போடலாம். செங்கல், காரை எல்லாம் கலந்த இடிபாட்டு ஜல்லி என்றால் லீன் கான்கிரீட்டில் மட்டும்தான்.

உங்கள் கட்டடத்தின் தூண், பீம், ஸ்லாப் எல்லாம் எம்30 என்று வைத்துக்கொள்வோம். அங்கே இந்த ஜல்லி ஒரு கூடைகூடப் போக முடியாது. கம்பி கான்கிரீட் 900 கன மீட்டர், அடித்தளத்துக்குக் கீழே லீன் கான்கிரீட் 60 கன மீட்டர் என்றால், லீனில் முழுசும் போட்டாலும் மொத்தத்தில் ஆறு விழுக்காட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதிக்கு வேறு இடம் தேட வேண்டும். நடைபாதைக்குக் கீழ் வரும் படுகை, தரைக்கடியில் நிரப்பும் பொருள், வளாகத்தில் பதிக்கும் பேவர் பிளாக், கர்ப் கல். இந்தக் கணக்கு எந்த வழிகாட்டுதலிலும் இருக்காது. வரைபடத்தையும் அளவுப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் போட வேண்டும். ஸ்பெசிபிகேஷன் எழுதுபவரின் உழைப்பு என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: கொள்கையில் உள்ள ஒரு விழுக்காட்டைப் பத்து வேலைகளுக்குப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தரநிலை தாங்கும் அளவுக்கு வைப்பது.

கணக்கு முடிந்த பிறகு வாசகம் தானாக வரும். லீன் கான்கிரீட்டுக்கு நான் இப்படி எழுதுவேன்:

“அடித்தளத்துக்குக் கீழ் வரும் லீன் கான்கிரீட்டில் பெரிய ஜல்லி முழுவதும் ஐ.எஸ். 383:2016க்கு உட்பட்ட மறுசுழற்சிக் கான்கிரீட் ஜல்லியாக இருக்க வேண்டும். ஜல்லியின் மூலம், சோதனை அறிக்கை ஆகியவற்றை ஆர்டர் செய்வதற்கு 14 நாள் முன்பாகப் பொறியாளரிடம் கொடுத்து எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும். கிடைக்கவில்லை என்றால், குறைந்தது மூன்று உற்பத்தியாளர்களின் எழுத்துப்பூர்வமான பதிலுடன் அதே காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பொறியாளர் எழுத்தில் அனுமதித்த பிறகே சாதாரண ஜல்லியைப் பயன்படுத்தலாம். இந்த மாற்றத்தால் ரேட் உயராது.”

இதில் ‘இயன்றவரை’ என்ற சொல் இல்லை. வழிகாட்டுதலின் பெயர்கூட இல்லை. ஆனால் அதன் நோக்கம் முழுசாக உள்ளே இருக்கிறது. என்ன பொருள், எங்கே, எதை வைத்துச் சரிபார்ப்பது, கிடைக்காவிட்டால் என்ன, யார் முடிவெடுப்பது, பணம் யார் பக்கம். டெண்டர் போடுபவர் இதைப் படித்துவிட்டு ரேட் போடலாம்.

சொற்களைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சர்வதேசத் தரநிலைகள் எழுதும் விதிமுறையில் ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் பரிந்துரை, ‘மே’ என்றால் அனுமதி. வழிகாட்டுதல்களில் பெரும்பகுதி ‘ஷுட்’தான். ஸ்பெசிபிகேஷனில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. அதைக் கண்ட இடத்தில் நிறுத்தி, கட்டாயமாக்கப் போகிறோமா, விட்டுவிடப் போகிறோமா என்று முடிவெடுங்கள். தமிழில் எழுதினால் சிக்கல் வேறு மாதிரி. கட்டாயத்துக்கும் அறிவுரைக்கும் நாம் ‘வேண்டும்’ என்றே எழுதிவிடுகிறோம். அதனால் அறிவுரை எதுவும் வாசகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்வதுதான் ஒரே பாதுகாப்பு.

சரி, நிலக்கரிச் சாம்பலுக்கு வருவோம். நான் நேரில் பட்ட இடம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சாம்பல் கலந்த சிமென்ட், கான்கிரீட் பற்றிய கொள்முதல் வழிகாட்டுதலை 1983லேயே வெளியிட்டது. அந்த வகையில் அதுதான் முதலாவது. பின்னாளில் வந்த அவர்களின் பரிந்துரைக் குறிப்பில் பல பொருட்களுக்கு விழுக்காடு சொல்லியிருக்கும். கான்கிரீட்டுக்கு இத்தனை போடு என்று எண் சொல்லவில்லை. சிமென்ட்டுக்குப் பதிலாகச் சாம்பல் பொதுவாக 20 முதல் 30 விழுக்காடு வரை, இரும்பு உலைக்கசடு 70 வரை போகிறது என்று நடைமுறையைத் தெரிவித்துவிட்டு, விகிதத்தை வேலைக்கு ஏற்ப முடிவு செய்யும்படி விட்டுவிட்டார்கள். அந்த அடக்கத்தை நான் மதிக்கிறேன். நம் தரப்பில் அந்த அடக்கம் இல்லாதபோதுதான் வம்பு.

இந்தத் தொழிலில் என் ஆரம்ப வருடங்களில் ஒரு கட்டடம். வழிகாட்டுதலுக்கு இணங்க, ஸ்பெசிபிகேஷனில் சாதாரண சிமென்ட் என்று இருந்த இடத்தில் சாம்பல் கலந்த சிமென்ட் என்று மாற்றினோம். பொருள் பற்றிய பகுதியில் அந்த ஒரு வரி மட்டும் மாறியது. வேலை செய்யும் முறை பற்றிய பகுதியை யாரும் திறக்கவில்லை. அங்கே கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருப்பது, ஏழு நாள் என்றே இருந்தது. சென்ட்ரிங்கை (கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிக்கும் நாட்களும் சாதாரண சிமென்ட்டுக்கு உரியவையாகவே இருந்தன. குளிர்ந்த பருவம் வேறு. ஒப்பந்ததாரர் தாளில் உள்ள நாள் கணக்குப்படி சென்ட்ரிங்கைப் பிரித்தார். ஸ்லாப் தொய்ந்து அடிப்பக்கம் விரிசல் கண்டது. அவர் ஒரு தாளை எடுத்து நீட்டினார், எங்கள் தாள். ‘நீங்கள் சொன்ன சிமென்ட், நீங்கள் சொன்ன நாள்’ என்றார். அவர் சொன்னது சரிதான். சரிசெய்யும் செலவு துறையின் தலையில் விழுந்தது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456:2000ஐப் புரட்டியிருந்தால் அது நடந்திருக்காது. சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் கியூரிங், கலப்புச் சிமென்ட்டோ சாம்பல் போன்ற கனிமக் கலவையோ இருந்தால் குறைந்தது பத்து நாள் என்று அது சொல்கிறது. வறண்ட வெப்பமான சூழலில் அதையும் 10, 14 என்று கூட்டச் சொல்கிறது. சென்ட்ரிங் நாட்களின் அட்டவணைக்கு மேலேயே, இவை சாதாரண சிமென்ட்டுக்கும் 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலைக்கும் உரியவை என்று இருக்கிறது. மற்றச் சிமென்ட்டுக்கும் குளிருக்கும் மாற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. எங்கள் முன்னால் இருந்த புத்தகத்தில்தான் அத்தனையும் இருந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டேன். வழிகாட்டுதல் ஒரு பொருளைத் தொட்டால், அந்தப் பொருள் தொடும் ஒவ்வொரு வரியையும் தேடிப் போவேன். சாம்பல் என்றால் கியூரிங், சென்ட்ரிங், கியூப் டெஸ்ட் வயது (கான்கிரீட் கனசதுரத்தை எத்தனையாவது நாளில் நசுக்கி வலிமை பார்ப்பது) மூன்றும் கட்டாயம். சாம்பல் கான்கிரீட் மெதுவாக வலிமை ஏறும். 28ஆம் நாளில் கொஞ்சம் பின்தங்கியிருந்து, 56ஆம் நாளில் தாண்டிப் போகும் கலவையும் உண்டு. நிறுவனக் கட்டமைப்புப் பொறியாளர் சம்மதித்தால், அடித்தளம் போல உடனே சுமை வராத இடங்களுக்கு 56 நாளில் ஏற்கலாம் என்று எழுதலாம். ஸ்லாபுக்கு அப்படி எழுதினால் வேலை அட்டவணை நொண்டும். அங்கே நாளை விட்டுவிட்டு, சைட்டிலேயே கியூர் செய்த கியூப் இத்தனை வலிமை காட்டினால் சென்ட்ரிங் பிரிக்கலாம் என்று எழுதுங்கள். சிமென்ட் எதுவானாலும் அது பொருந்தும்.

இன்னொரு பொறி: இந்தியத் தரநிலைப்படி சாம்பல் கலந்த சிமென்ட்டில் ஏற்கெனவே 15 முதல் 35 விழுக்காடு சாம்பல் இருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, அதே ஸ்பெசிபிகேஷனில் ‘கலவையில் 25 விழுக்காடு சாம்பல்’ என்றும் எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேர் இரண்டு பகுதியை எழுதினால் இப்படி ஆகும். மொத்தச் சிமென்ட் பொருளில் சாம்பலின் பங்கு இத்தனைக்குள் என்று ஒரே இடத்தில், ஒரே தடவை சொல்லுங்கள்.

பொறுப்பு யாருடையது என்பதற்கு ஒரு பழைய தீர்ப்பைச் சொல்வேன். 1918ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஸ்பியரின் என்ற ஒப்பந்ததாரரின் வழக்கில், வேலை கொடுப்பவர் தந்த வரைபடத்தையும் ஸ்பெசிபிகேஷனையும் பின்பற்றிக் கட்டியவர் அவற்றில் உள்ள குறைக்குப் பொறுப்பல்ல என்றது. சைட்டைப் பார்வையிட்டு எல்லாவற்றையும் சரிபார்த்துக்கொள் என்ற பொது வரி இருந்தும் அப்படிச் சொன்னது. எல்லா நாட்டிலும் சட்டம் அப்படியே இருக்காது. ஆனால் பொதுவான ஒரு வரி எழுதுபவரைக் காப்பாற்றும் என்று நம்புகிற யாருக்கும் இந்த வழக்கைக் காட்டலாம். உங்கள் சீனியருக்கும்.

இரண்டு ஆவணங்கள் முரண்பட்டால் ‘எது கடுமையானதோ அதுவே செல்லும்’ என்று எழுதுவது இன்னொரு வழக்கம். உங்கள் வேலையில் அதைப் போடாதீர்கள். வழிகாட்டுதல் மறுசுழற்சிப் பொருளுக்குக் கீழ்வரம்பு வைக்கிறது. தரநிலை மேல்வரம்பு வைக்கிறது. ஒன்று 20க்குக் குறையாதே என்கிறது, மற்றொன்று 20ஐத் தாண்டாதே என்கிறது. இதில் எது கடுமையானது? இப்படிப்பட்ட இடத்தில் பாதுகாப்பைச் சொல்லும் தரநிலையே செல்லும் என்று நேராக எழுதுங்கள். முரண்பாட்டைக் கண்டவுடன் ஒப்பந்ததாரர் எழுத்தில் கேட்க வேண்டும் என்றும் சேருங்கள். அதைவிட நல்லது, முரண்பாட்டை நீங்களே இப்போது தீர்த்துவிட்டு, முடிவை மட்டும் அவருக்குச் சொல்வது.

வழிகாட்டுதலில் மேற்கோள் காட்டியிருக்கும் தரநிலை இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண சிமென்ட்டின் 43 கிரேடுக்கு ஐ.எஸ். 8112, 53 கிரேடுக்கு ஐ.எஸ். 12269 என்று தனித்தனியாக இருந்தன. 2015ல் எல்லா கிரேடும் ஐ.எஸ். 269க்குள் வந்துவிட்டன. பழைய எண்கள் இன்றும் டெண்டர்களில் உலாவுகின்றன. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே 5 முதல் 15 விழுக்காடு சுண்ணாம்புக்கல் கலந்த சிமென்ட் சந்தையில் பரவலாகிவிட்டது. அது ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரநிலை அமைப்பின் சி595ன் கீழ் வருகிறது. சாதாரண சிமென்ட்டுக்கான சி150 என்று மட்டும் எழுதி வைத்திருந்த ஸ்பெசிபிகேஷன்கள் கார்பனைக் குறைக்கும் அந்தச் சிமென்ட்டை வாசலிலேயே நிறுத்தின. யாரும் வேண்டாம் என்று முடிவெடுக்கவில்லை. பழைய எண்ணை யாரும் திருத்தவில்லை, அவ்வளவுதான். தரநிலை எண்ணோடு ஆண்டையும் எழுதுங்கள். உங்கள் அலுவலகத்தின் பழைய கோப்பிலிருந்து எடுத்த ஒவ்வொரு எண்ணையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

கம்பெனிப் பெயர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பொதுக் கொள்முதல் விதிகள் பல இடங்களில் இதைத் தடுக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுப் பொதுக் கொள்முதல் ஆணையும், உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்படிக்கையும், வேறு எப்படியும் துல்லியமாக விவரிக்க முடியாதபோது மட்டும், ‘அல்லது அதற்குச் சமமானது’ என்ற சொல்லோடு பெயர் போடலாம் என்கின்றன. பெயர் போட்டால், சமம் என்பதை எதை வைத்து அளப்பது என்றும் எழுதியாக வேண்டும். அந்த அளவுகளை எழுதிவிட்டால் பெயரே தேவைப்படாது.

சான்று விஷயத்துக்கு வருகிறேன். ‘மறுசுழற்சிப் பொருள் 25 விழுக்காடு’ என்று கேட்டால் எல்லோரும் ஒரு கடிதம் கொண்டுவருவார்கள். அதில் எதை மறுசுழற்சி என்று எண்ணியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. ஐ.எஸ்.ஓ. 14021 என்ற சர்வதேசத் தரநிலை இதற்கு நல்ல வரையறை தருகிறது. மக்கள் பயன்படுத்தி முடித்த பொருளிலிருந்து வந்தது ஒன்று, தொழிற்சாலைக் கழிவிலிருந்து வந்தது இன்னொன்று. அதே ஆலையில், அதே செய்முறையில் விழுந்து அதற்குள்ளேயே திரும்பப் போடும் துண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இந்த வரையறையை ஸ்பெசிபிகேஷனில் சொல்லாவிட்டால், ஆலைத் தரையில் கூட்டி அள்ளியதையும் கணக்கில் காட்டுவார்கள்.

எல்லா எஃகுக்கும் ஒரே விழுக்காடு வைப்பதும் இதே போலத்தான். ஆக்சிஜன் உலையில் செய்த எஃகில் பழைய இரும்பு சுமார் 25, 30 விழுக்காடு இருக்கும். மின்வில் உலையில் செய்தது ஏறக்குறைய முழுவதும் பழைய இரும்பாகவே இருக்கலாம். எந்த வகை எஃகு எந்த உலையிலிருந்து வருகிறது என்பது சந்தையைப் பொறுத்தது. ஒட்டுமொத்தமாக 50 என்று எழுதினால், ஒரு பொருளுக்கு அது அர்த்தமில்லாத எளிய இலக்கு, இன்னொன்றுக்கு எட்டவே முடியாத இலக்கு. பொருள் வாரியாக எழுதுங்கள். சான்று எப்போது வர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ஆர்டருக்கு முன்பே வர வேண்டும். சரக்கு சைட்டில் இறங்கிய பிறகு வரும் சான்றைத் திருப்பி அனுப்ப எந்தப் பொறியாளருக்கும் மனம் வராது, வேலை நிற்கும் என்ற பயம் அவருக்கு.

இனி துறைப் பொறியாளர். அவர் பயம் நியாயமானது, அதை மதித்துப் பேசுங்கள். புதிய பொருள் தோற்றால் சைட்டில் நிற்பவர் அவர்தான். அவரிடம் ‘வழிகாட்டுதல் சொல்கிறது’ என்று வாதாட வேண்டாம். மேலே சொன்ன கணக்கைக் கொண்டுபோய் வையுங்கள். தூணிலும் ஸ்லாபிலும் மறுசுழற்சி ஜல்லி இல்லை, தரநிலை அனுமதிக்கவில்லை. லீன் கான்கிரீட்டிலும் படுகையிலும் உண்டு, அங்கே தோற்றாலும் கட்டடத்துக்கு ஆபத்தில்லை. சாம்பல் எங்கெங்கே, அதற்கேற்ப கியூரிங் எப்படி மாறுகிறது. இடம் இடமாகக் காட்டும்போது ‘ரிஸ்க்’ என்ற பெரிய சொல் சின்னச் சின்ன முடிவுகளாக உடையும். அவற்றில் பலவற்றுக்கு அவரே சம்மதிப்பார்.

தணிக்கைக்கு வேண்டியது ஒரு பதிவு. வழிகாட்டுதலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி: ஏற்றோமா, எந்தப் பிரிவில் எழுதினோம், ஏற்கவில்லை என்றால் எந்தத் தரநிலையின் எந்த வரம்பு காரணம் அல்லது எந்த உற்பத்தியாளரின் பதில் காரணம். இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் போகாது. இதைத் துறை கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். டெண்டர் ஆவணத்தோடு சேர்க்காதீர்கள், அது ஒப்பந்ததாரருக்கான தாள் அல்ல. இரண்டு வருடம் கழித்து, நீங்களும் அந்தப் பொறியாளரும் வேறு இடத்துக்கு மாறிய பிறகு வரும் தணிக்கையாளருக்கு அந்தத் தாள் பதில் சொல்லும்.

மூன்று வாரத்தில் இது முடியுமா என்றால், முடியும். முதல் வாரம் கணக்குக்கும் உற்பத்தியாளர்களைக் கேட்பதற்கும். உண்மையிலேயே பொருள் கிடைக்கிறதா என்று போனில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இல்லாத பொருளைக் கேட்டு டெண்டர் விட்டால், வருவது ஏற்றிப் போட்ட ரேட்டும் விலக்கு மனுவும்தான். இரண்டாம் வாரத் தொடக்கத்தில், முடிவெடுக்க வேண்டியவற்றை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதித் துறையிடம் கொடுத்து, நாள் குறித்துப் பதில் கேளுங்கள். அவர்கள் படிக்கும் நாட்களில் நீங்கள் வாசகங்களை எழுதி முடித்துவிடலாம். கடைசி வாரத்தில், பொருள் பகுதியை எழுதாத ஒருவரிடம் முழு ஆவணத்தையும் கொடுத்து, ‘இயன்றவரை’, ‘தேவைக்கேற்ப’, ‘முடிந்தால்’, ‘பொருத்தமான’ ஆகிய சொற்கள் எங்கெல்லாம் இருக்கின்றன என்று தேடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் யாரோ எடுக்காமல் விட்ட ஒரு முடிவு.

சீனியரின் வரியை நீக்கியே ஆக வேண்டும் என்று சண்டை போட வேண்டாம். ஒரு சின்னத் திருத்தத்தைச் சொல்லிப் பாருங்கள்: “இந்த ஆவணத்தின் பிரிவுகளில் பெயர், எண், ஆண்டோடு குறிப்பிட்ட தரநிலைகளும் அரசாணைகளும் மட்டுமே இந்த ஒப்பந்தத்தின் பகுதி.” அவர் கேட்டது போல ஒரு வரியாகவும் இருக்கும், உங்களுக்கு வேண்டியபடி வேலியாகவும் நிற்கும். தொழிலாளர் பாதுகாப்பு போன்ற நாட்டின் சட்டங்கள் இதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் ஒப்பந்ததாரரைக் கட்டுப்படுத்தும், அவை வேறு. அதைக் காட்டித்தான் சீனியர் முதலில் ஆட்சேபிப்பார். சட்டம் தனி, வழிகாட்டுதல் தனி என்று அந்த வரிக்குக் கீழேயே இன்னொரு வாக்கியம் எழுதிவைத்துக்கொண்டு அவரிடம் போங்கள்.